சேம அச்சும் ஸ்டெப்னியும்

மதுரையில் சிறிய கார் ஒன்றுக்கு உரியவர் நெடும்பயணம் புறப்படுமுன் அதன் டிக்கியைத் திறந்து பார்க்கிறார். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் ஸ்பானரும் உரிய இடத்தில் இருக்கின்றனவா, தண்ணீர் நிரப்பியாயிற்றா என்று சோதிக்கிறார். பிறகு மூடிவிட்டுப் புறப்படுகிறார். இதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆவதில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 2000 ஆண்டுகளின் வரலாறு நிற்கிறது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே! வரலாற்றுக்குச் சான்று தருவன கல்வெட்டும் செப்பேடும் மட்டும் அல்ல. வழிப்போக்கன் கட்டும் மூட்டையும் ஒரு சான்றுதான். வழியில் எது கிடைக்காது என்று அவன் எண்ணுகிறானோ அதையே சுமந்து செல்கிறான். வழியிலே சத்திரம் இருந்தால் கட்டுச்சோறு சிறுத்துவிடும். கிணறு இருந்தால் தண்ணீர்க் குடம் வேண்டியதில்லை. ஆகவே மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் அவன் நடந்த பாதை எத்தகையது என்பது விளங்கிவிடும். காரின் பின்புறத்தில் இருக்கும் பழுதுநீக்கும் பெட்டியும் அப்படிப்பட்ட மூட்டையே. அதற்குள் இருக்கும் பொருள்கள் காலந்தோறும் மாறி வந்திருக்கின்றன. எவை மாறின, ஏன் மாறின என்று கேட்டுக்கொண்டே போனால் நம் சாலைகளின் கதை தானே வெளிவரும்.

மதுரை சங்கம் வளர்த்த ஊர் என்பர். ஆதலால் சங்கப் பாட்டு ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். புறநானூற்றின் 102ஆம் பாட்டு ஔவையார் பாடியது. தகடூரை ஆண்ட அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழும் பாட்டு அது. அதிலே ஓர் உப்பு வண்டி வருகிறது. உமணர் எனப்படும் உப்பு வணிகர் அதனை ஓட்டிச் செல்கின்றனர். பூட்டியிருக்கும் காளைகள் இன்னும் பழக்கம் பெறாதவை. ஏற்றியிருக்கும் பாரமோ அதிகம். போகிற வழியில் எந்த இடத்தில் பள்ளம் வரும், எந்த இடத்தில் மேடு வரும் என்பதும் தெரியாது. ஆகையால் அவர்கள் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகின்றனர். அந்த மாற்று அச்சுக்குப் பாட்டில் வழங்கும் பெயர் ‘சேம அச்சு’. சேமம் என்றால் பாதுகாப்பு. உடைந்தால் மாற்றுவதற்கென்று காத்து வைக்கப்பட்ட அச்சு என்பது பொருள்.

உமணர் சொன்ன காரணங்களை எண்ணிப் பாருங்கள். இழுக்கும் ஆற்றல் உறுதியில்லை, பாரம் மிகுதி, பாதை தெரியாது. இன்று மோட்டார்ப் பொறியியல் கற்ற ஒருவரைக் கேட்டாலும் வண்டி வழியில் நிற்பதற்கு இவற்றையே காரணமாகக் கூறுவார். இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டியில் எத்தனையோ உறுப்புகள் உண்டு. கயிறு அறுந்தால் முடிந்துகொள்ளலாம். நுகத்தடி பிளந்தால் வரிந்து கட்டலாம். அச்சு முறிந்தால் காட்டின் நடுவே எதுவும் செய்ய இயலாது. தச்சனும் அங்கே கிடைக்கமாட்டான். எது கெட்டால் பயணம் முழுதும் நின்றுவிடுமோ, எது வழியில் கிடைக்காதோ, அதையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்த வணிகரின் விதி. பழுதுநீக்கும் பெட்டி கட்டும் கலைக்கு இதுவே முதற் சூத்திரம் என்று நான் கருதுகிறேன்.

பின்வந்த வண்டிக்காரரும் இந்தச் சூத்திரத்தைக் கைவிடவில்லை. விளக்கெண்ணெயும் வைக்கோற் கரியும் குழைத்த வண்டி மையை மூங்கிற் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிட்டனர். மாற்றுக் கடையாணி ஒன்றை வைத்துக்கொண்டனர். இரவிலே செல்லும்போது அரிக்கேன் விளக்கு ஒன்றையும் வண்டியின் கீழே கட்டினர். அந்த விளக்கின் ஒளி வண்டிக்காரருக்கு வழி காட்டியது சிறிதளவுதான். எதிரிலும் பின்னாலும் வருபவருக்கு வண்டி இருப்பதை அறிவித்ததே அதன் பெரும்பயன். இந்த விளக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

புறநானூற்றை உ. வே. சாமிநாத ஐயர் அச்சில் வெளியிட்ட ஆண்டு 1894. ஏட்டுச் சுவடிக்குள் கிடந்த சேம அச்சு அச்சேறிய அந்தக் காலத்திலேதான் ஐரோப்பாவில் மோட்டார் வண்டி தவழப் பழகிக்கொண்டிருந்தது. கார்ல் பென்ஸ் என்ற ஜெர்மானியர் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886இல் காப்புரிமை பெற்றார். அதனை வாங்க மக்கள் தயங்கினர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் முன்னதாகச் சொல்லாமலே, இரு மைந்தரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தம் தாய் வீட்டுக்கு அந்த வண்டியில் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மோட்டார் வண்டியில் ஒருவர் மேற்கொண்ட முதல் நெடும்பயணம் அதுவே.

வழியெல்லாம் பழுது. எரிபொருள் வரும் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையைப் பிடித்திருந்த பட்டியைக் கழற்றிக் கம்பிக்குச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தது, வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் கறை போக்க விற்கப்பட்ட எண்ணெயை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தது. தோல் தைப்பவரிடம் சொல்லி அதன்மேல் தோல் அறையச் செய்தார். அந்த அம்மையார் எடுத்துச் சென்ற பழுதுநீக்கும் பெட்டி அவர் உடுத்தியிருந்த உடைதான்! கொல்லர், தோல் தொழிலாளர், மருந்து வணிகர் ஆகிய வழியிலிருந்த மனிதர் அதில் எஞ்சிய பகுதி. மோட்டார்ப் பட்டறை என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்னரே, ஊரில் இருந்த பழைய தொழில்களே புதிய வண்டியைத் தாங்கிப் பிடித்தன.

அதே 1888ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். 1895இல் பாரிஸிலிருந்து போர்டோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர் அத்தகைய டயரை மோட்டார் காருக்குப் பூட்டி ஓட்டிக் காட்டினர். அந்தப் பயணத்தில் அவர்களுடைய டயர் பலமுறை பஞ்சராயிற்று. குறித்த நேரத்துக்குள் அவர்களால் திரும்ப முடியவில்லை. ஆயினும் காற்றடைத்த டயரில் கார் ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. காற்று மென்மையையும் வேகத்தையும் தந்தது. பஞ்சரையும் கூடவே தந்தது. குதிரைகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் ஐரோப்பியச் சாலைகளில் நிறையக் கிடந்தன. நம் நாட்டுச் சாலைகளிலோ மாட்டு லாடத்தின் ஆணிகள் கிடந்தன. பஞ்சரானால் ஓட்டுநர் சாலையோரத்தில் அமர்ந்து, டயரை நெம்பிக் கழற்றி, டியூபை எடுத்து, ஒட்டுப் போட்டு, மீண்டும் மாட்டிக் காற்றடிக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் இதுவே அவர் கதி.

இந்தத் துன்பத்துக்கு மாற்றுக் கண்டவர்கள் வேல்ஸ் நாட்டினர். லானெல்லி என்ற ஊரில் டாம் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்னும் சகோதரர் 1904இல் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்தனர். அதற்கு ஆரக்கால்கள் இல்லை. காற்றடைத்த டயர் பூட்டிய வெறும் வளையம் அது. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் விளிம்போடு இதைச் சேர்த்து முடுக்கிவிட்டு வண்டியை ஓட்டிச் செல்லலாம். அவர்களுடைய பட்டறை லானெல்லியில் ஸ்டெப்னி தெருவில் இருந்தது. அதனால் அந்தச் சக்கரத்துக்கும் ஸ்டெப்னி என்ற பெயர் வந்தது. லண்டனிலும் ஸ்டெப்னி என்ற பகுதி உண்டு. ஆயினும் இப்பெயர் அங்கிருந்து வந்ததன்று.

சில ஆண்டுகளுக்குள் முழுச் சக்கரத்தையே கழற்றி மாட்டும் முறை வந்துவிட்டது. டேவிஸ் சகோதரர் செய்த வளையம் வழக்கொழிந்தது. இங்கிலாந்தில் அந்தப் பெயரையும் மறந்துவிட்டனர். நம் நாட்டிலோ பெயர் நிலைத்தது. மாட்டுத்தாவணியில் ஒரு பஸ் ஓட்டுநரையோ, உசிலம்பட்டியில் ஒரு பஞ்சர்க் கடைக்காரரையோ கேளுங்கள். மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்ற சொல்லையே சொல்லுவார். வங்க தேசத்திலும் மால்டாவிலும் இச்சொல் வழங்குகிறது. பிரேசிலில் சற்றே திரிந்த வடிவில் வாழ்கிறது. வேல்ஸ் நாட்டுச் சிற்றூர் ஒன்றின் தெருப்பெயரை மதுரைப் பட்டறை நாள்தோறும் உச்சரிக்கிறது. சேம அச்சு என்ற நம் சொல் புலவர் ஏட்டில் உறங்க, அதன் வேலையைக் கடல் கடந்து வந்த சொல் ஏற்றுக்கொண்டது எனலாம்.

இனி மதுரைக்கு வருவோம். இந்நகரின் மோட்டார் வரலாற்றைச் சொல்லும்போது டி. வி. சுந்தரம் ஐயங்காரின் பெயரைத் தவிர்க்க இயலாது. நெல்லைச் சீமையில் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த அவர், வழக்கறிஞராகவும் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றிப் பார்த்துவிட்டுப் போக்குவரத்துத் தொழிலில் இறங்கினார். அவர் நிறுவிய டி.வி.எஸ். நிறுவனம் 1911ஆம் ஆண்டையே தன் தொடக்கமாகக் கொள்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அவருடைய பஸ்களும் லாரிகளும் ஓடின. டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வோம் என்று மதுரை முதியவர்கள் சொல்ல நான் கேட்டிருக்கிறேன்.

பஸ் நேரத்துக்கு வர வேண்டுமானால் ஓட்டுநரின் திறமை மட்டும் போதாது. உடைந்தால் மாற்ற உறுப்பு வேண்டும்; மாற்றத் தெரிந்த கை வேண்டும்; அந்தக் கை எட்டும் தொலைவில் பட்டறை வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள நிலத்தைப் பாருங்கள். தெற்கே திருமங்கலத்தைத் தாண்டினால் கரிசல் நிலம் விரிகிறது. மேற்கே உசிலம்பட்டிக்கு அப்பால் ஆண்டிபட்டிக் கணவாய். வடமேற்கே கொடைக்கானல் மலைப்பாதை. கிழக்கே பரமக்குடியை நோக்கி மரநிழல் அரிதான வறண்ட சமவெளி. ஒரு திசையில் சேறு, ஒரு திசையில் ஏற்றம், ஒரு திசையில் வெயில். இத்தகைய நிலத்தில் ஓடிய பஸ்களுக்கு ‘கிளீனர்’ என்ற இளைஞர் ஒருவரே நடமாடும் பழுதுநீக்கும் பெட்டியாக விளங்கினார். தண்ணீர் ஊற்றுவதும், சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுப்பதும், ஸ்டெப்னி மாற்றுவதும் அவர் வேலை. பிற்காலத்தில் புகழ் பெற்ற மெக்கானிக்குகள் பலர் கிளீனராகத் தொடங்கியவர்களே.

இரண்டாம் உலகப் போர் 1939இல் மூண்டது. பெட்ரோல் அரிதாயிற்று. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் ரப்பருக்கும் தட்டுப்பாடு வந்தது. சுந்தரம் ஐயங்கார் கரியிலிருந்து வாயு எடுத்து எஞ்சினை ஓட்டும் கலத்தை உருவாக்கினார். காற்றைக் குறைத்துக் கரியை எரித்தால் எரியக்கூடிய வாயு ஒன்று பிறக்கும். அதனை வடிகட்டி எஞ்சினுக்குச் செலுத்தினால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். ஆனால் இழுவை குறையும். புறப்படுமுன் நெடுநேரம் கனல் மூட்ட வேண்டும். போர்க்காலப் பஸ்ஸின் பெட்டியிலே ஸ்பானரோடு கரி மூட்டையும் கிளறுகோலும் இடம்பெற்றன. தேய்ந்த டயருக்கு மேற்பரப்பைப் புதுப்பித்துத் தரும் தொழிலையும் அவர் தொடங்கினார். பெட்டியில் இருக்கும் பொருள்கள் உலக அரசியலையும் காட்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

போர் முடிந்து நாடு விடுதலை பெற்ற பின்னும் மோட்டார் உறுப்புகளில் பல வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருந்தன. சுந்தரம் ஐயங்கார் 1955இல் மறைந்தார். அவருடைய வழியினர் சென்னையை அடுத்த பாடியில் 1960களில் தொழிற்சாலைகளை அமைத்தனர். வீல்ஸ் இந்தியா சக்கரம் செய்தது. 1961இல் தோன்றிய லூக்காஸ் டி.வி.எஸ். மின் உறுப்புகளைச் செய்தது; பிரேக்ஸ் இந்தியா பிரேக்கையும், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் போல்ட் முதலியவற்றையும் செய்தன. பஸ் நிற்காமல் ஓட வேண்டும் என்ற கவலையிலிருந்து பட்டறை பிறந்தது; பட்டறையின் தேவையிலிருந்து தொழிற்சாலை பிறந்தது. சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனவர்களின் வழித்தோன்றல்கள் சேம அச்சுகளையே தொழிலாகச் செய்யத் தொடங்கிவிட்டனர் என்று சொல்லத் தோன்றுகிறது. டி.வி.எஸ். பஸ்கள் 1970களின் தொடக்கத்தில் அரசுடைமை ஆயின. உறுப்புத் தொழில் நிலைபெற்று உலகெங்கும் பரவியது.

அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்தினர் சிறிய கார் வாங்கத் தொடங்கியிருந்தனர். உத்தர்பாடாவிலிருந்து அம்பாஸடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையை அடுத்த தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என மூன்று வகைக் கார்களே பெரிதும் காணப்பட்டன. என் தந்தையாரிடமும் ஒரு சிறிய கார் இருந்தது. அதன் டிக்கியில் இருந்த கித்தான் பையை நான் இன்றும் வைத்திருக்கிறேன். வரலாற்று மாணவன் செப்பேட்டைப் படிப்பதுபோல் அதைப் பலமுறை படித்திருக்கிறேன்.

முதலில் எஞ்சினைக் கையால் சுழற்றும் இரும்புக் கைப்பிடி. சார்லஸ் கெட்டரிங் ஆக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களிலேயே வந்துவிட்டது. ஆயினும் பேட்டரி ஓய்ந்த நாளில் கைப்பிடியே துணை. அதைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும் என்று தந்தையார் சொல்லித் தந்தார். எஞ்சின் எதிர்ப்புறம் உதைத்தால் வளைத்துப் பிடித்த கட்டைவிரல் முறிந்துவிடும்.

அடுத்தது ஃபேன் பெல்ட். அந்தக் கறுத்த ரப்பர் வார் அறுந்தால் தண்ணீரைச் சுழற்றும் பம்பும் விசிறியும் நிற்கும். மின்சாரம் தரும் டைனமோவும் நிற்கும். சில நிமிடங்களில் ரேடியேட்டர் கொதிக்கும். அதனால் மாற்றுப் பெல்ட் ஒன்று கட்டாயம் இருந்தது. அதனோடு மாற்றுப் பிளக்குகள், டிஸ்டிரிபியூட்டருக்கு உரிய பாயிண்ட், அதைத் தேய்த்துத் துலக்க உப்புத்தாள், இடைவெளியை அளக்க மெல்லிய தகடுகள் ஆகியவை தனியே ஒரு தகரப் பெட்டியில் இருந்தன.

சிறிய துண்டு ஒன்றும் உண்டு. அது முகம் துடைக்க அன்று. சித்திரை வெயிலில் சமவெளியில் ஓடும்போது எஞ்சினின் சூட்டால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். ஆவி நிறைந்த குழாயில் பம்பு இழுத்தும் பெட்ரோல் வராது, கார் நின்றுவிடும். அப்போது துண்டை நனைத்துப் பம்பின் மேல் சுற்றிச் சற்று நேரம் காத்திருந்தால் ஆவி குளிர்ந்து மீண்டும் பெட்ரோலாகும். தண்ணீரும் துணியும் பொறுமையுமே மருந்து.

பையில் நான் மிகவும் மதிப்பது ஒரு பலகைத் துண்டு. ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம். மழைக்காலத்தில் அருப்புக்கோட்டைச் சாலையின் ஓரத்தில் ஜாக்கியை வைத்துச் சுழற்றினால் கார் மேலே எழாது. ஜாக்கி கரிசலுக்குள் இறங்கும். பலகையை அடியில் இட்டால் பாரம் பரவி, ஜாக்கி நிலைகொள்ளும். எந்தக் கார் நிறுவனத்தின் கைப்புத்தகத்திலும் இருந்து தந்தையார் இதைக் கற்கவில்லை. கரிசல் மண் கற்றுத் தந்த பாடம் அது. டியூபுக்கு ஒட்டுப் போடும் ரப்பரும் கைப்பம்பும் அந்தப் பலகையின் பக்கத்தில் இருந்தன. லாட ஆணிகள் குறைந்து வந்த காலத்தில் சீமைக்கருவேல முள் அந்த ஆணியின் பதவியை ஏற்றுக்கொண்டது!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன்பின் இருபது முப்பது ஆண்டுகளில் சிறிய காரின் உள்ளமைப்பே மாறிவிட்டது. மின்னணு முறை வந்தபின் பாயிண்டும் உப்புத்தாளும் போயின. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்புரேட்டரும் போயிற்று. எரிபொருளை அழுத்தத்தோடு தெளிக்கும் முறை வந்ததால் நனைந்த துண்டுக்கும் வேலை இல்லை. டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினாலும் காற்று மெல்லவே இறங்குகிறது. அத்தகைய டயரும், காற்றழுத்தத்தை ஓட்டுநருக்குக் காட்டும் கருவியும், பஞ்சர் அடைக்கும் பொருள்களும் இருந்தால் சிறிய கார்களில் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020இல் இந்திய விதியே திருத்தப்பட்டது. ஸ்டெப்னியே இல்லாத கார்கள் நம் சாலையில் ஓடுகின்றன.

அப்படியானால் பெட்டியின் கதை முடிந்துவிட்டதா? முடியவில்லை, அதன் பொருள் மாறியிருக்கிறது. பழைய நாளில் பழுதுபட்ட காருக்கு இருந்த ஆபத்து, அது நகராமல் நிற்பதே. மாட்டு வண்டிகளும் மெதுவாகச் செல்லும் பஸ்களும் அதைச் சுற்றிக்கொண்டு போயின. இன்று கன்னியாகுமரியை நோக்கி மதுரையைக் கடந்து செல்லும் நான்குவழிச் சாலையில் வண்டிகள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. அந்த வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகிறது. இருளிலே நிற்கும் காரைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டியை நிறுத்துவதற்குள் நூறு மீட்டருக்குக் குறையாத தொலைவு வேண்டியிருக்கும். நின்றுபோன நம் வண்டியைவிட, நிற்க இயலாத பிற வண்டியே இன்று அஞ்சத்தக்கது.

வண்டிக்கு அடியில் தொங்கிய அரிக்கேன் விளக்கை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? அதன் வழித்தோன்றலே இன்றைய சிவப்பு முக்கோணம். ஒளி பட்டால் மின்னும் அந்த முக்கோணத்தை நான் பெட்டியின் மேல்தட்டில் வைக்கிறேன். பயணப் பெட்டிகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும் முக்கோணத்தால் பயனில்லை. கார் நின்றதும் ஓரமாக ஒதுக்கி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, உடன் வந்தவர்களைச் சாலையைவிட்டு விலக்கி நிறுத்தி, முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் இன்னும் தள்ளி வைப்பது நலம். அதன்பிறகுதான் சக்கரத்தில் கை வைக்கலாம்.

முக்கோணத்தோடு ஒளி மின்னும் மேற்சட்டை, டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை வைக்கிறேன். குடிக்கும் தண்ணீரும் ரேடியேட்டருக்கு உரிய தண்ணீரும் தனித்தனிக் கலத்தில் இருக்க வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை உடனே திறத்தல் ஆகாது. ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பானர், தந்தையாரின் பலகை, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கட்டைகள் அடுத்த வரிசை. சக்கரத்தின் நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே சற்று நெகிழ்த்திவிட்டுப் பிறகு ஜாக்கியால் உயர்த்த வேண்டும். முடுக்கும்போது எதிரெதிர் நட்டுகளாக முடுக்க வேண்டும். காற்றழுத்தமானி, ஃபியூஸ்கள், குறடு, திருப்புளி, மின்னொட்டு நாடா, பிற காரிலிருந்து மின்சாரம் பெறும் கேபிள், கையுறை ஆகியவை கடைசி வரிசை. ஸ்டெப்னியின் காற்றை மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். காற்றில்லாத ஸ்டெப்னி பாரமே அன்றித் துணை ஆகாது.

ஒரு தாளில் 108 என்றும் 1033 என்றும் பெரிய எழுத்தில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். முன்னது, தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் ஆம்புலன்ஸ் பணியின் எண். பின்னது, தேசிய நெடுஞ்சாலைகளில் உதவி கேட்கும் எண். பெர்த்தா அம்மையாருக்குக் கொல்லரும் மருந்து வணிகரும் உதவியது போல இன்று இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் உதவுகின்றனர். சாலை தரும் துணை பெருகப் பெருக நாம் சுமக்கும் பெட்டி சிறுக்கிறது. ஆயினும் நெடுஞ்சாலையைவிட்டுக் கிளைச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் சென்றால், பலகைத் துண்டும் தண்ணீரும் இன்றும் வேண்டும். ஆகவே எந்தச் சாலையில் போகிறோம் என்று எண்ணிப் பார்த்தே பெட்டியைக் கட்ட வேண்டும்.

மீண்டும் ஔவையாரின் பாட்டுக்கு வருகிறேன். அவர் வண்டியைப் பற்றிப் பாட வந்தவர் அல்லர். இடர் வந்த நேரத்தில் பிறரைத் தாங்கி நிற்கும் ஒரு மனிதனுக்கு உவமை தேடியபோது அவர் கண்ணில் பட்டது உப்பு வண்டியின் சேம அச்சு. உயர்ந்த உவமையைத் தேடிய புலவர் பொன்னையும் மணியையும் எடுக்காமல், புழுதி படிந்த அந்த மரத்துண்டை எடுத்தார். சாலையில் அடிபட்டுக் கிடப்பவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை என்று சட்டமே நமக்குச் சொல்கிறது.

மாணவ நண்பர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கும் காரின் டிக்கியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று வீட்டிலுள்ள பெரியவரையும் தெருமுனைப் பஞ்சர்க் கடைக்காரரையும் கேளுங்கள். முக்கோணம் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் இருந்தால் எடுத்து மேலே வையுங்கள்.